மரச்சாமானில் கீறல், நிற மங்கல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) அடித்த மேசையிலோ கதவிலோ வெள்ளையாக ஒரு கோடு விழுந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அதே நிறத்தில் ஒரு ஸ்டெயின் டப்பா வாங்கி வருவது. வீட்டில் செய்யும் டச்-அப் வேலை பெரும்பாலும் கெடுவது அங்கேதான். கோடு வெளுப்பாகத் தெரிகிறது என்பதற்காக நிறம் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

மூன்று அடுக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மரம். மரத்தின் மேல்பரப்பில் மிகக் கொஞ்ச ஆழத்துக்கு ஊறியிருக்கும் ஸ்டெயின். அதற்கும் மேலே, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டு நிற்கும் பூச்சு. அது அரக்கு பாலிஷாக இருக்கலாம், லேக்கராக இருக்கலாம், வார்னிஷாகவோ பியூ (பாலியூரிதேன்) பூச்சாகவோ இருக்கலாம். இந்த மேல் பூச்சு மட்டும் கீறினாலே போதும், அந்த இடத்தில் வெளிச்சம் சிதறி வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கே ஸ்டெயினைத் தடவினால் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே நின்று, காய்ந்த பிறகு அழுக்குக் கோடாகிவிடும். எந்த அடுக்கில் அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், என்ன செய்வது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

கை வைக்கும் முன்

முதலில் சுத்தம். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். அப்புறம் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு முறை. பழைய மெழுகும் கைப்பிசுக்கும் போனதும், கீறல் என்று நினைத்தவற்றில் பாதிக் கோடுகள் மறைந்துபோவதும் உண்டு. வேறு பொருளின் சாயமோ ரப்பரோ உரசி ஒட்டிய கோடுகள் அவை.

அடுத்து, அது நிஜ மரமா என்று பாருங்கள். பலகையின் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தில் திரும்பி இறங்கினால் முழு மரம். ஓரத்தில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் வெனீராகவோ மைக்காவாகவோ இருக்கலாம். வெனீர் நிஜ மரம்தான், ஆனால் பல சமயம் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அடியில் இருக்கும் பிளைவுட் எட்டிப்பார்த்துவிடும். மைக்காவும் மரம்போல் அச்சடித்த தாளும் ஸ்டெயினைக் குடிக்கவே குடிக்காது. அவற்றுக்கு நிற மெழுகுக்குச்சி, டச்-அப் பேனா, இவ்வளவுதான்.

இப்போது கீறலுக்கு வருவோம். கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். சிக்குகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? பிறகு விரல் நுனியில் டர்பன்டைனைத் தொட்டு கோட்டின் மேல் வையுங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் கோடு மறைந்தால், நிறம் பத்திரமாக இருக்கிறது, மேல் பூச்சுதான் போயிருக்கிறது. ஈரத்திலும் கோடு வெளுப்பாகவே நின்றால் நிறமும் போய்விட்டது. இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். ஈரத்தில் தெரியும் நிறம்தான் பூச்சு போட்ட பிறகு வரப்போகும் நிறமும்.

மேல் பூச்சு எந்த வகை என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்) வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் அரக்கு பாலிஷ். அசையவில்லை என்றால் பக்கத்தில் ஒரு சொட்டு லேக்கர் தின்னர். அதில் இளகினால் பெரும்பாலும் லேக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷ் அல்லது பியூ. இது தெரியாமல் மேலே எதையாவது ஸ்பிரே செய்தால், உள்ளே இருக்கும் பூச்சு சுருங்கிக் கொப்பளிக்க வாய்ப்புண்டு.

நகம் சிக்கவில்லை, ஈரம் பட்டால் கோடு மறைகிறது

நல்ல செய்தி, நிறமே தேவையில்லை. மங்கலான பூச்சாக இருந்தால் பழுப்பு நிற ஃபர்னிச்சர் மெழுகைத் துணியில் தொட்டு ரேகை ஓடும் திசையில் தேய்த்து, சில நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். கோடு இன்னும் தெரிந்தால், மெழுகை டர்பன்டைன் துணியால் முழுதாகத் துடைத்தெடுத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அதே வகைப் பூச்சைக் கோட்டுக்குள் மட்டும் ஓடவிடுங்கள். அகலமாக அடிக்காதீர்கள். ஒரு மெல்லிய கோடு, காய்ந்ததும் இன்னொன்று, அவ்வளவு போதும்.

பளபளப்பான பியூ பரப்பில் வண்டிகளுக்குப் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்டு நன்றாக வேலை செய்யும். ஆனால் துளைகள் திறந்திருக்கும் மரத்தில் அதைப் போட வேண்டாம். வெள்ளைப் பொடி துளைகளுக்குள் போய்க் காய்ந்துவிடும். ஊசிமுனையால் குத்தி எடுப்பதைத் தவிர வழியிருக்காது.

சமையல் எண்ணெய் தடவினால் கோடு உடனே மறைவது உண்மைதான். ஈரத்தில் மறைவதும் இதுவும் ஒரே காரணத்தால். அந்த எண்ணெய்கள் பெரும்பாலும் காய்வதே இல்லை. தூசியை இழுத்துப் பிடிக்கும், பின்னால் நீங்கள் பூச்சு போட நினைத்தால் ஒட்டவும் விடாது.

ஈரம் பட்டும் கோடு வெளுப்பாகவே இருக்கிறது

இங்கேதான் நிறம் வேண்டும், நிதானமும் வேண்டும்.

கீறிய இடத்தில் மரத்தின் நார் கிழிந்து சிலிர்த்திருக்கும். கிழிந்த நார், வழவழப்பான பரப்பைவிட ஸ்டெயினை அதிகமாகக் குடிக்கும். அதனால்தான் டப்பாவில் அச்சாகப் பொருந்தும் நிறமும் கீறலுக்குள் போனதும் ஒரு படி கருத்து, பழைய வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாகப் புதிய கருப்புக் கோடாகிறது. கண்ணுக்கு வெள்ளைக் கோட்டைவிட இது பளிச்சென்று படும். எப்போதும் தேவைக்கு ஒரு படி வெளிர் நிறத்தில் தொடங்குங்கள்.

சின்னக் கீறலுக்கு டச்-அப் பேனா போதும். பேனாவை நேராகக் கோட்டில் இழுப்பதைவிட, ஒரு மூடியில் கொஞ்சம் சொட்டவிட்டு, மிக மெல்லிய ஓவியப் பிரஷ்ஷால் தொட்டு வைப்பது நல்லது. பேனா முனை கீறலைவிட அகலம். இரண்டு பக்கமும் நல்ல பரப்பின் மேல் வழியும். வழிந்ததை உடனே விரலால் துடைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு போகாது.

நீளமான கீறலுக்கு நான் பரிந்துரைப்பது அரக்கும் நிறப்பொடியும். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த நீர்த்த பாலிஷை முதலில் கீறலுக்குள் ஒரு முறை தடவுங்கள். பத்து இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். இது நாரின் வாயை அடைத்துவிடுவதால் அடுத்து வரும் நிறம் கட்டுக்குள் நிற்கும். பிறகு அதே பாலிஷைச் சில சொட்டு எடுத்து, பழுப்புப் பொடியைத் துளி கலந்து, பிரஷ் நுனியால் புள்ளி புள்ளியாக வையுங்கள். மெழுகு நீக்கிய அரக்கின் மேல் பிறகு எந்தப் பூச்சு வேண்டுமானாலும் பிடிக்கும். மெழுகோடு இருக்கும் சாதாரண அரக்கின் மேல் பியூ சரியாகப் பிடிக்காது.

மரத்தில் ஒரே பழுப்பு என்று எதுவும் இல்லை. ஒரு சாண் தூரத்தில் குனிந்து உற்றுப் பாருங்கள்: அடியில் தேன் நிறமாக ஒரு தளம், அதன் மேல் கரும்பழுப்பாக ஓடும் ரேகைகள், நடுநடுவே ஊசியால் கீறியதுபோல் கருத்த துளைகள். கீறல் இவை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கும். எனவே முதலில் அந்தத் தளத்தின் நிறத்தை மட்டும் கீறல் முழுக்க நிரப்புங்கள். காய்ந்ததும், இரு பக்கமும் வந்து அறுபட்டு நிற்கும் ஒவ்வொரு கருத்த ரேகையையும் மெல்லிய பிரஷ்ஷால் கீறலின் குறுக்கே இணைத்துவிடுங்கள். ரேகை ஓடிச் சேர்ந்துவிட்டால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் கண்டுகொள்ளாது. நிறம் அச்சாகப் பொருந்தி ரேகை அறுந்து நின்றால் கண்டுபிடித்துவிடும்.

நிறம் சிவப்புத் தூக்கலாக இருந்தால் துளி பச்சைப் பொடி சேருங்கள், சிவப்பு அடங்கிப் பழுப்பாகும். கருப்பைச் சேர்த்து அடக்கப் பார்த்தால் நிறம் செத்துப்போகும். எந்த வெளிச்சத்தில் அந்தச் சாமான் இருக்கப்போகிறதோ அந்த வெளிச்சத்திலேயே வேலை செய்யுங்கள். பகலில் பொருந்திய நிறம் விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தெரிவதுண்டு. ஒவ்வொரு கையும் போட்ட பிறகு எழுந்து, நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள். அங்கிருந்து தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது என்று மேலும் மேலும் பூசுவதால் கெட்ட வேலைகள் ஏராளம்.

கடைசியாக நிறத்தைக் காப்பாற்ற மேல் பூச்சு, கீறலின் மேல் மட்டும், மெல்லியதாக இரண்டு முறை.

டச்-அப் செய்த இடம் கருத்துவிட்டது

ஈரம் காயவில்லை என்றால் எண்ணெய் வகை ஸ்டெயினை டர்பன்டைன் துணியாலும், அரக்கு கலந்த நிறத்தை ஸ்பிரிட் துணியாலும் துடைத்துவிடலாம். சுற்றியிருக்கும் பூச்சு அரக்கு பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதுவும் சேர்ந்து கரையும். காய்ந்துவிட்டால் கூரான பிளேடு நுனியால் கோட்டுக்குள் மட்டும் மெல்லச் சுரண்டுங்கள். சுரண்டவும் முடியாவிட்டால், மேலே வெளிர் நிறப்பொடியைப் பாலிஷில் கலந்து புள்ளி வைத்துச் சரிக்கட்டலாம். பொடி மறைக்கும் தன்மை உள்ளது. திரவத்தில் கரைந்துவிடும் சாய வகைக்கு அந்தத் தன்மை கிடையாது, அது கருமையின் மேல் ஏறவே ஏறாது.

நகம் சிக்குகிறது, சில்லு பெயர்ந்திருக்கிறது

நிரப்ப வேண்டும். கை படாத கால், பக்கவாட்டு, கதவு போன்ற இடங்களுக்கு மெழுகுக்குச்சி போதும். ஆனால் மென்மையான மெழுகின் மேல் வார்னிஷ் ஒட்டாது, அதனால் நிறம், மேல் பூச்சு எல்லாம் முடிந்த பிறகுதான் மெழுகை வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் ரேகைத் திசையில் வழித்துவிட வேண்டும். சூடான பாத்திரம் வைக்கும் மேசைக்கு மெழுகு நிற்காது. அங்கே இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் எபாக்சி.

புட்டி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஸ்டெயின் ஏறும் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மரத்தில் ஏறும் அளவுக்கு அதில் ஏறாது. மரத்தின் தள நிறத்துக்குப் பொருந்தும் புட்டியையே தேர்ந்தெடுத்து, ரேகையை மேலே வரைந்துவிடுவது மேல்.

நார் அறுபடாமல் அமுங்கிய பள்ளம்

இதை நிரப்பவே வேண்டாம், பெரும்பாலும் எழுப்பிவிடலாம். சுத்தியல் விழுந்தோ ஏதாவது மோதியோ வந்த பள்ளத்தில் நார் நசுங்கித்தான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். மேலே ஈரப் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையைச் சில நொடிகள் மட்டும் வையுங்கள். நீராவி நாரை ஊதி எழுப்பும். இரண்டு மூன்று முறை செய்து, ஒரு நாள் காயவிட்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவி, பிறகு நிறம். பூச்சின் மேலேயே செய்தால் அரக்கும் லேக்கரும் வெளுத்துவிடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), துகள் பலகை இரண்டிலும் இதைச் செய்யவே கூடாது, ஊதிப் புடைத்துவிடும். வெனீரில் அடியில் இருக்கும் பசை இளகலாம்.

வெள்ளை வளையம்

ஈரமோ சூடோ மேல் பூச்சுக்குள் சிக்கியதால் வந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஓரிரு நாள் சும்மா விடுங்கள், பல சமயம் தானாகவே மங்கும். அப்புறம் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே சில நிமிடம். அதற்கும் போகாவிட்டால் வாசலினைத் தடவி இரவு முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள். கடைசி வழி, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் மினரல் ஆயில் தொட்டு ரேகைத் திசையில் லேசாக உரசுவது. வெண்மை பெரும்பாலும் பூச்சின் மேல்தோலில்தான் இருக்கும். நான்கு பூஜ்யம் போட்ட ஸ்டீல் வுல் என்று கேட்டு வாங்குங்கள். அதைவிடக் கரடு எதுவும் வேண்டாம்.

கருப்பு வளையம்

இது வேறு கதை. பூச்சைத் தாண்டித் தண்ணீர் மரத்துக்குள் போய், இரும்பும் மரத்தில் இயல்பாக இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து மை நிறமாகியிருக்கிறது. ஆணியைச் சுற்றியும், பூந்தொட்டியின் இரும்புத் தாங்கி நின்ற இடத்திலும் பார்க்கலாம். மேலே என்ன தடவினாலும் போகாது. பூச்சை எடுத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து, வளையத்துக்கு மட்டும் இல்லாமல் பலகை முழுக்கத் தடவ வேண்டும். வளையத்தில் மட்டும் போட்டால் அந்த இடம் வெளுத்து இன்னொரு வளையமாகும். காய்ந்ததும் பல முறை தண்ணீரால் கழுவித் துடையுங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் அவசியம். மேலே படிந்த பொடியைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி மூச்சில் போகும். துணி வெளுக்கும் பிளீச் இரும்புக் கறையை எடுக்காது, ஸ்டெயினின் சாயத்தைத்தான் எடுக்கும்.

பிறகு முழுப் பலகைக்கும் புது ஸ்டெயின். அதற்குத் தயாராக இல்லை என்றால் வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். மரம் அதனால் கெடாது.

ஜன்னல் பக்கம் மட்டும் மங்கிவிட்டது

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் மரத்தின் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, ஸ்டெயினில் இருக்கும் சாயத்தையும் சிதைக்கிறது. சாயம் சீக்கிரம் மங்கும், நிறப்பொடி நெடுநாள் தாங்கும். ஆகவே வெயில் படும் இடத்துக்கு ஸ்டெயின் வாங்கும்போது பொடி வகையா என்று கேட்பது நல்லது.

முதலில் மேல் பூச்சுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. சில நிமிடத்தில் உள்ளே போய் இடம் கருத்தால் பூச்சு போய்விட்டது.

பூச்சு நன்றாக இருந்தால் சுரண்ட வேண்டியதில்லை. சுத்தம் செய்து, 320 உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் அடங்கும் அளவுக்குத் தடவுங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் தாளை வைக்கவே வேண்டாம்; பூச்சு அங்கேதான் மெல்லியது, ஒரே இழுப்பில் நிறத்தோடு வந்துவிடும். பிறகு கூழ்போல் கெட்டியாக இருக்கும் ஜெல் ஸ்டெயினை மெல்லியதாகத் தடவி, உலர்ந்த பிரஷ்ஷால் ரேகைத் திசையில் இழுத்து ஒழுங்குபடுத்துங்கள். இது உள்ளே ஊறாது, பூச்சின் மேல் மெல்லிய நிறத்திரையாக நிற்கும். ஒரு நாள் காயவிட்டு மேலே இரண்டு கை பூச்சு கட்டாயம், இல்லாவிட்டால் துடைக்கத் துடைக்க நிறம் போய்விடும்.

மங்கிய இடத்துக்கு மட்டும் நிறம் போட ஆசை வரும். வேண்டாம். மங்கலுக்கு எல்லைக்கோடு கிடையாது, நீங்கள் போடும் நிறத்துக்கு எல்லை வந்துவிடும். ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை, அதாவது ஒரு முழுப் பலகை, ஒரு முழுச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரம் தானாகவே மாறும் இடத்தில் நிறம் கொஞ்சம் மாறினாலும் இயல்பாகத் தெரியும்.

பூச்சு போயிருந்தால் மேலே எதை அடித்தாலும் திட்டுத்திட்டாகத்தான் வரும். முழுதாகச் சுரண்டி, 180, 220 என்று தேய்த்து, புதிதாகத் தொடங்க வேண்டும். விரிப்போ ஜாடியோ இருந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தால் பொருளை எடுத்துவிட்டுச் சில மாதம் பொறுத்துப் பாருங்கள். ஸ்டெயின் போடாமல் தெளிந்த பூச்சு மட்டும் போட்ட மரத்தில் மூடியிருந்த இடம் மெல்ல மற்றதோடு சேர்ந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் அல்லது எண்ணெய் வகை ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

நிறம் பொருந்திவிட்டது, பளபளப்பு பொருந்தவில்லை

சாய்வாகப் பார்த்தால் மட்டும் தெரியும் திட்டு. சாட்டின், மேட் பூச்சுகளில் பளபளப்பை அடக்கும் பொடி அடியில் தங்கிவிடும்; டப்பாவைக் கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் பளபளவென்றுதான் வரும். குலுக்காமல், குச்சியால் அடிவரை கலக்குங்கள், குலுக்கினால் குமிழி வரும். ஏற்கெனவே வந்துவிட்டால், பூச்சு நன்றாக இறுகிய பிறகு ஸ்டீல் வுல்லில் மெழுகு தொட்டுப் பலகை முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்துவிடுங்கள்.

பூச்சு அடித்ததும் சின்னச் சின்னக் குழி விழுகிறது

சிலிக்கோன் கலந்த ஃபர்னிச்சர் ஸ்பிரே முன்பு அடித்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, டர்பன்டைனால் துணியை மாற்றி மாற்றிப் பல முறை துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை போட்டு அடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

கைப்பிடி பிசுபிசுக்கிறது

நாற்காலிக் கை, இழுப்பறைக் கைப்பிடி, தலை சாயும் இடம். வியர்வையும் தோலின் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் ஊறிப் பூச்சை இளக்கிவிடுகின்றன. சோப்புத் தண்ணீரிலும் டர்பன்டைனிலும் துடைத்த பிறகும் நகத்தால் கீறினால் மாவாக வருகிறதா? அப்படியென்றால் அந்தப் பூச்சு இனி இறுகாது. அந்த உறுப்பில் மட்டும் எடுத்துவிட்டு, நிறம் திருத்தி, வார்னிஷ் அல்லது பியூ போடுங்கள்.

பூச்சு வெடித்திருக்கிறது, தோலாக உரிகிறது

இரண்டும் ஒன்றல்ல. வலைபோல வெடித்திருப்பது அரக்கு பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டையும், லேக்கர் என்றால் தின்னரையும் பிரஷ்ஷில் தொட்டு ஒரு கை ஓட்டினால் பழைய பூச்சே இளகி ஒன்று சேர்ந்துவிடும். பழைய சாமான்களுக்கு இதுபோல் மென்மையான வைத்தியம் வேறு இல்லை, முதலில் அடிப்பக்கத்தில் செய்து பாருங்கள். பியூவோ வார்னிஷோ தோலாக உரிகிறது என்றால் டச்-அப்புக்கு அங்கே இடமில்லை. புதிதாகப் போடுவது எதுவும் பழைய தோலோடு சேர்ந்து உரியும். ஒட்டியிருக்கும் பகுதியும் சேர்த்து அந்தப் பலகை முழுவதையும் மரம் வரை எடுத்துவிட்டுத்தான் ஸ்டெயின் டப்பாவைத் திறக்க வேண்டும்.